இராணிக்கெட்டும் கோழிக் கழிச்சலும்

கோழிகளைத் தாக்கும் ஒரு தொற்றுநோய்க்குக் கால்நடை மருத்துவர்களும் கோழி வளர்ப்போரும் வழங்கும் ‘இராணிக்கெட்’ என்பது நோயின் தன்மையைச் சொல்லும் சொல் அன்று. அது ஓர் ஊரின் பெயர். இன்றைய உத்தராகண்ட் மாநிலத்துக் குமாவுன் மலைப்பகுதியில் உள்ள அவ்வூரில் 1927-ஆம் ஆண்டு கோழிகளிடையே இந்நோய் அறியப்பட்டதால், ஊர்ப்பெயரே இந்தியாவில் நோய்ப்பெயராக நிலைத்துவிட்டது. ‘ராணி’, ‘கேத்’ என்னும் இந்திச் சொற்கள் சேர்ந்து ‘அரசியின் வயல்’ எனப் பொருள்படும் அப்பெயர், ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்துப் படிக்கப்பட்டதால் தமிழில் ‘கெட்’ என்று முடிகிறது.

பிற நாடுகளில் இதற்கு நியூகாசில் நோய் என்று பெயர். 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அருகே தோன்றிய நோயை ஆராய்ந்த டாயில் என்னும் ஆய்வாளர், பிற நோய்களோடு குழப்பக்கூடிய விளக்கப் பெயரைத் தவிர்ப்பதற்காக இப்பெயரைத் தற்காலிகமாகவே சூட்டினார். அவ்வாண்டிலேயே சாவகத் (ஜாவா) தீவிலும் இந்நோய் பதிவாகியிருந்தது.

தமிழில் இதற்குரிய சொல் ‘கோழிக் கழிச்சல்’. ‘கழி’ என்னும் வினையடியிலிருந்து வந்த ‘கழிச்சல்’ வயிற்றுப்போக்கைக் குறிக்கும். கோழி பச்சையும் வெள்ளையுமாகக் கழிவதைக் கண்ட கண்ணிலிருந்து பிறந்த பெயர் இது. அரசின் தடுப்பூசி முகாம்களும் இப்பெயரையே ஆள்வதால், இதை அகராதிக்காகச் செய்த சொல் என்று ஒதுக்க இயலாது. சிலர் ‘வெள்ளைக் கழிச்சல்’ என்பர். ஆனால் இளங்குஞ்சுகளைக் கொல்லும் சால்மோனெல்லா பாக்டீரியா நோயிலும் எச்சம் வெள்ளையாகவே போகும். தீநுண்மியால் (வைரஸால்) வரும் நோய்க்கும் பாக்டீரியாவால் வரும் நோய்க்கும் ஒரே பெயர் இருந்தால் மருந்து மாறிப்போகும் என்பதால், ‘வெள்ளை’ என்னும் அடையை விட்டுவிடுவதே நன்று.

‘கோழிக் கழிச்சல்’ என்னும் சொல்லுக்கும் ஒரு குறை உண்டு. மூச்சுத்திணறலும், கழுத்து முறுக்கிக்கொள்வதும், கால் இறக்கை செயலிழப்பதும் இந்நோயில் காணப்படுவன. சில பறவைகளில் கழிச்சலே முதன்மையான அறிகுறியாக இராது. மேலும் இது கோழியோடு நிற்பதில்லை. 1971-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கிளம்பிய பெருந்தொற்று, விற்பனைக்காக இறக்குமதியான கிளிகளின் வழியே வந்ததென அறியப்பட்டது. அதை ஒடுக்க ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் பறவைகள் அழிக்கப்பட்டன. நலமாகத் தோன்றும் கூண்டுக்கிளியும் நெடுநாள் தீநுண்மியை வெளியேற்றக்கூடும். ஆகவே கோழியைப் பற்றி எழுதும்போது ‘கோழிக் கழிச்சல்’ என்றும், கிளி, புறா முதலியவற்றைக் குறிக்கும்போது ‘கோழிக் கழிச்சல் தீநுண்மித் தொற்று’ என்றும் எழுதுவது இப்போதைக்குப் பொருந்தும்.