வண்டி சூடாகிறது: பெரிய ரேடியேட்டர் போட்டால் சரியாகுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டி எப்போது சூடாகிறது? நெரிசலில் நின்று நின்று போகும்போதா, அல்லது வேகமாக ஓடும்போதும் மேடு ஏறும்போதுமா? பழுது எங்கே இருக்கிறது என்பதைப் பாதிக்கு மேல் இந்த ஒரு விவரமே சொல்லிவிடும். இதைப் பார்க்காமல் ரேடியேட்டர் வாங்கி மாட்டியபின், வெப்பம் காட்டும் மீட்டரின் முள் மறுபடியும் சிவப்புக்குப் போவதைக் கண்டு நொந்துபோகிறவர்கள் நிறையப் பேர்.

பெட்ரோல் எரிந்து வரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி, இன்ஜினைச் சுற்றி ஓடிக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டில் இறங்குகிறது. முழு வேகத்தில் 50 கிலோவாட் திறன் தரும் இன்ஜின், தோராயமாக அதே அளவு வெப்பத்தைக் கூலன்ட்டிலும் கொட்டும். குளியலறையில் இருக்கும் 2 கிலோவாட் வாட்டர் ஹீட்டர்கள் 25 சேர்ந்து ஓடுவதற்குச் சமம் அது. அவ்வளவு வெப்பத்தையும் ரேடியேட்டர் என்ற ஒரு மெல்லிய உலோகப் பலகை, நொடிக்கு நொடி, காற்றில் விட்டாக வேண்டும்.

கூலன்ட்டைப் பொறுத்தவரை சிரமம் குறைவு. நொடிக்கு 2 லிட்டர் தண்ணீர் சுற்றினால் இந்த 50 கிலோவாட்டைக் கொண்டுபோக அது 6 டிகிரி செல்சியஸ் சூடேறினால் போதும். சிரமமெல்லாம் காற்றிடம்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி ஏறும்போது வாங்கிக்கொள்ளும் வெப்பத்தை வாங்க ஏறக்குறைய 3,500 லிட்டர் காற்று வேண்டும். ரேடியேட்டர் முழுக்க அலை அலையாக மடித்த மெல்லிய தகடுகள் நிறைந்திருப்பது இதனால்தான். காற்று எவ்வளவு உலோகத்தைத் தொட்டுப் போகிறதோ அவ்வளவு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும்.

இதை முதலில் பெரிய அளவில் செய்து காட்டியவர் ஜெர்மன் பொறியாளர் வில்ஹெல்ம் மைபாக். 1900-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் வடிவமைத்து வெளிவந்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காரின் ரேடியேட்டரில், 6 மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள் 8,070 இருந்தன. குழாய்க்குள்ளே காற்று, குழாய்களுக்கு நடுவே தண்ணீர். தேன்கூடு போன்ற அந்த முகப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. தண்ணீரைக் கூட்டாமல் காற்று தொடும் பரப்பைக் கூட்டினார், அவ்வளவுதான்.

இனி அந்த முதல் கேள்விக்கு வருவோம். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் இன்ஜின் உண்டாக்கும் வெப்பம் மிகக் குறைவு. ஒழுங்காக இருக்கும் ரேடியேட்டர் அதைச் சுலபமாகச் சமாளிக்கும். அப்படியும் சூடாகிறதென்றால் காற்று வரவில்லை என்று பொருள். ஃபேன் மோட்டார், அதற்கு மின்சாரம் விடும் ரிலே, சென்சார், ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அந்தக் கூடு உடைந்தாலோ யாராவது கழற்றிப்போட்டாலோ, ஃபேன் தனக்கு நேரே இருக்கும் வட்டத்தின் வழியாக மட்டுமே காற்றை இழுக்கும்; ரேடியேட்டரின் மூலைகள் சும்மா கிடக்கும். ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து ஏசியின் வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே மண்ணும் பூச்சியும் அடைத்திருப்பதும் வழக்கம். முன்னாலிருந்து பார்த்தால் அது தெரியவே தெரியாது.

வேகத்தில் சூடாகிறதென்றால் கதை வேறு. அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை. குழாய்களுக்குள் உப்புப் படிந்து அடைத்திருக்கலாம். பம்ப் தேய்ந்திருக்கலாம். கீழ் ஹோஸ் தளர்ந்து, பம்ப் இழுக்கும்போது உள்பக்கம் ஒட்டிக்கொள்ளலாம். ஹெட் கேஸ்கெட் (இன்ஜினுக்கும் அதன் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) போயிருந்தால் எரிந்த வாயு கூலன்ட்டில் குமிழியாகக் கலக்கும். அதற்கு எந்த ரேடியேட்டரும் மருந்தாகாது. இவை எதுவும் இல்லாமல், இன்ஜினின் திறனைக் கூட்டியிருந்தாலோ, டர்போ சேர்த்திருந்தாலோ, கனமான டிரெய்லரை இழுத்தாலோதான் பெரிய ரேடியேட்டருக்கு உண்மையான வேலை இருக்கிறது.

பெரியது என்றால் எந்தப் பக்கம் பெரியது? தடிமனான கோர் (குழாய்களும் தகடுகளும் அடங்கிய நடுப்பகுதி) வாங்குவதே பலருடைய முதல் யோசனை. தடிமனை இரட்டிப்பாக்கினால் குளிர்ச்சி இரட்டிப்பாகாது. முதல் வரிசைக் குழாய்களைத் தாண்டிய காற்று ஏற்கெனவே சூடேறியிருக்கும், பின்வரிசைக்குக் கிடைப்பது அந்தச் சூட்டுக் காற்றுதான். கோர் தடிக்கத் தடிக்கக் காற்று புகுவதும் கடினமாகும். ஆகவே இடம் இருந்தால் முதலில் அகலத்தையும் உயரத்தையும் கூட்டுவது நல்லது. அதற்கு வழியில்லாதபோது தடிமன், கூடவே அதற்கு ஈடுகொடுக்கும் ஃபேன்.

அலுமினியமா, செம்பா என்ற விவாதத்திலும் ஒரு குழப்பம் உண்டு. வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தைவிடச் செம்பு வெகுவாக மேல். ஆனால் பழைய செம்பு ரேடியேட்டர்களில் குழாய்கள் பித்தளை, தகடுகளை ஒட்டியிருப்பது ஈயம் கலந்த சால்டர். இரண்டுமே செம்பளவுக்கு வெப்பம் கடத்தாதவை. அலுமினிய ரேடியேட்டரில் குழாயும் தகடும் உலையில் ஒன்றாகப் பற்றவைக்கப்படுகின்றன, எடையும் குறைவு. அதனால் குழாய்களை அகலமாக அமைக்க முடிகிறது, தகடுகளோடு அவை தொடும் பரப்பு கூடுகிறது. ஒரு நிபந்தனை உண்டு. வெறும் தண்ணீர் ஊற்றினால் அலுமினியம் அரிக்கும். வெப்பத்தைச் சுமப்பதில் கூலன்ட் கலவையைவிடத் தண்ணீர் மேல்தான், என்றாலும் அரிப்புத் தடுப்பான் இல்லாமல் ஓட்டக்கூடாது.

வெளி வெப்பத்தையும் கணக்கில் வையுங்கள். கூலன்ட் 95 டிகிரி, வெளியே 20 டிகிரி என்றால் இடையே 75 டிகிரி வித்தியாசம். வெளியே 40 ஆனால் வித்தியாசம் 55 ஆகிவிடும். அதே ரேடியேட்டர் நாலில் ஒரு பங்குக்கு மேல் திறனை இழந்துவிடுகிறது. ஏசியும் ஓடினால் கண்டென்சர் அந்தக் காற்றை இன்னும் சூடாக்கியே அனுப்பும்.

செலவு பண்ணும் முன் மூடியைச் சோதியுங்கள். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் உள்ளே வெளிக்காற்றைவிட ஒரு பார் (அழுத்தத்தின் அலகு) கூடுதல் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் தண்ணீரின் கொதிநிலை 100-லிருந்து 120 டிகிரிக்கு உயர்கிறது. ஸ்பிரிங் தளர்ந்தால் அந்த 20 டிகிரி பாதுகாப்பு போய்விடும். சிலிண்டர் ஹெட்டில் நீராவிப் படலம் உருவாகி, அந்த இடத்தில் உலோகத்திலிருந்து வெப்பம் இறங்குவது ஏறக்குறைய நின்றேவிடும். இதே காரணத்தால்தான் சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கக்கூடாது. அழுத்தம் விலகிய கணத்தில் தண்ணீர் நீராவியாக வெடித்து முகத்தில் அடிக்கும்.

கூலன்ட் சூடான பிறகே ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் தீர்வாகாது. பல இன்ஜின்களில் அது முழுதாகத் திறக்கும்போது, ரேடியேட்டரைத் தொடாமல் திரும்பும் பைபாஸ் வழியை அடைக்கும்படி அமைத்திருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் கொதிக்கும் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குத் திரும்பிவிடும்.

புது ரேடியேட்டர் மாட்டிய பின் சமதளத்தில் முள் கீழே இறங்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், அது இறங்காது. சாதாரண ஓட்டத்தில் வெப்பநிலையைத் தீர்மானிப்பது தெர்மோஸ்டாட். அது 88 டிகிரியில் திறக்கும் என்றால் முள்ளும் அதன் அருகேதான் நிற்கும். முன்பு தோற்ற அதே மேட்டில், அதே வெயிலில், அதே சுமையோடு ஏறும்போது முள்ளைப் பாருங்கள். வித்தியாசம் அங்கேதான் தெரியும்.