சிறகு முளைத்த செனட் தொகுதி

லின், சேலம், மார்பிள்ஹெட், டான்வர்ஸ், ஆண்டோவர், ஹேவர்ஹில், சாலிஸ்பரி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நம் மாவட்டம் போன்ற எசெக்ஸ் கவுண்டியின் ஊர்கள் இவை. 1812 வரை அங்கே மாநில செனட் (சட்டமன்ற மேலவை) தொகுதிகள் கவுண்டி எல்லையை ஒட்டியே இருந்தன. அந்த ஆண்டு பிப்ரவரி 11 அன்று ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். எசெக்ஸ் இரண்டானது. மேலே சொன்ன ஊர்களையும் இன்னும் சிலவற்றையும் பூக்கட்டுவதுபோல் வரிசையாகக் கோத்து, தெற்கில் தொடங்கி மேற்காக வளைந்து வடகிழக்குக் கடற்கரை வரை போகும் ஒரு தொகுதி. அந்த வளைவுக்குள் மிச்சமிருந்த ஊர்கள் இன்னொன்று.

மார்ச் 26 அன்று 'பாஸ்டன் கெஸட்' பத்திரிகை இந்தத் தொகுதிக்கு நகமும் சிறகும் பல்லும் வைத்துக் கேலிச்சித்திரம் போட்டது. பல்லி போன்ற உடலுள்ள சாலமாண்டர் என்ற பிராணியையும் ஆளுநர் பெயரையும் ஒட்டவைத்து 'கெர்ரிமாண்டர்' என்று பெயரிட்டது. பின்னாளில் உச்சரிப்பு மாறி 'ஜெரிமாண்டர்' ஆயிற்று; ஒரு கட்சிக்கு ஆதாயமாகத் தொகுதிக் கோட்டை வளைப்பதற்கு இன்று அதுதான் பெயர். பாவம் மனிதர், அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். இந்தச் சட்டம் அவருக்கே பிடிக்கவில்லை என்று அவருடைய மருமகன் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. பிடிக்காமல் போட்டாலும் கையெழுத்து கையெழுத்துதானே.

அந்த ஆண்டுத் தேர்தலில் மாநிலம் முழுவதும் செனட்டுக்காக ஃபெடரலிஸ்ட் கட்சி வாங்கிய வாக்குகள் 51,766. கெர்ரியின் டெமாக்ரடிக்-ரிபப்ளிகன் கட்சி வாங்கியவை 50,164. ஆனால் 40 செனட் இடங்களில் கெர்ரி கட்சிக்கு 29, அதிக வாக்கு வாங்கியவர்களுக்கு 11. அதே தேர்தலில் கெர்ரி ஆளுநர் பதவியை இழந்தார். ஆளுநர் தேர்தலில் மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி; அங்கே எந்தக் கோட்டை வளைப்பது?

அந்தச் சித்திரம் இரண்டு நூற்றாண்டாக நம்மை ஏமாற்றி வருகிறது என்பது என் எண்ணம். கோணல்மாணலான தொகுதியைக் கண்டால் தில்லுமுல்லு என்கிறோம், சதுரமாக இருந்தால் நியாயம் என்று நினைத்துக்கொள்கிறோம். தந்திரம் வடிவத்தில் இல்லை, கூட்டல் கழித்தலில் இருக்கிறது.

ஒரு தெருவில் 50 வாக்காளர்கள். 30 பேர் இட்லிக் கட்சி, 20 பேர் தோசைக் கட்சி. பத்துப் பத்துப் பேராக ஐந்து தொகுதிகள் பிரிக்க வேண்டும். கோடு போடும் பேனா தோசைக் கட்சியின் கையில். முதலில் இரண்டு தொகுதிகளில் இட்லிக்காரர்கள் ஒன்பது ஒன்பது பேரைத் திணித்துவிடுகிறார்கள். அங்கே இட்லிக்குப் பிரம்மாண்ட வெற்றி, வெடியெல்லாம் வெடிக்கும். ஆனால் 18 பேர் அதில் தீர்ந்துபோனார்கள். மிச்சம் 12 பேரை மூன்று தொகுதிகளுக்கு நான்கு நான்காகச் சிதறடித்தால், ஒவ்வொன்றிலும் ஆறு பேருடன் தோசை ஜெயிக்கும். 20 பேரின் கட்சிக்கு மூன்று இடம், 30 பேரின் கட்சிக்கு இரண்டு. ஒரு வாக்குகூடக் கள்ள வாக்கு இல்லை.

திணிப்பது, சிதறடிப்பது: வித்தை அவ்வளவுதான். இதை அளக்க நிக்கோலஸ் ஸ்டெஃபனோபுலஸ், எரிக் மெக்கீ என்ற இருவர் ஒரு வழி சொன்னார்கள்: வீணான வாக்குகளை எண்ணுங்கள். தோற்ற வேட்பாளருக்குப் போனது முழுக்க வீண். ஜெயித்தவருக்குத் தேவைக்கு மேல் விழுந்ததும் வீண். நம் தெருவில் ஜெயிக்க ஆறு வாக்கு போதும். இட்லிக்குத் தோற்ற இடங்களில் 12, ஜெயித்த இடங்களில் மும்மூன்றாக 6, ஆக 18 வீண். தோசைக்கு வீணானது வெறும் 2. இந்த இடைவெளி பெரிதாகப் பெரிதாகச் சந்தேகமும் பெரிதாக வேண்டும்.

உடனே ஒரு கேள்வி வரும். இட்லிக்காரர்கள் தாமாகவே ஒரே மூலையில் கூடி வாழ்ந்தால்? அமெரிக்காவில் டெமாக்ரட் வாக்காளர்கள் பெருநகரங்களில் குவிந்திருக்கிறார்கள்; யாரும் திணிக்காமலே திணிப்பு நடக்கிறது. இங்கேதான் கணினி உதவிக்கு வருகிறது. சம மக்கள்தொகை, துண்டுபடாத நிலம் போன்ற சட்ட விதிகளை மட்டும் கொடுத்து, கட்சியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், ஆயிரக்கணக்கான வரைபடங்களை வரையவிடுவார்கள். ஒவ்வொன்றிலும் பழைய தேர்தலின் வாக்குகளைக் கொட்டி யாருக்கு எத்தனை இடம் என்று பார்ப்பார்கள். மக்கள் வாழும் இடத்தால் வரும் சாய்வு அந்த வரைபடங்கள் எல்லாவற்றிலும் இருக்கும். சட்டமன்றம் போட்ட வரைபடம் அந்தக் கூட்டத்துக்கு வெளியே தனியாக நின்றால், அந்த மிச்சச் சாய்வு பேனா பிடித்தவருடையது. 2019இல் வட கரோலினாவின் மாநிலத் தொகுதிகள் குறித்த வழக்கில் ட்யூக் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜோனதன் மாட்டிங்லி இந்த முறையில் சாட்சியம் அளித்தார்; மாநில நீதிமன்றம் தொகுதிகளை மாற்றி வரையச் சொன்னது. அதற்கு இரண்டு மாதங்கள் முன்புதான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கட்சி ஆதாயத்துக்கான தொகுதிப் பிரிப்பில் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தலையிடாது என்று 5–4 எனத் தீர்ப்பளித்திருந்தது.

வடிவத்தைப் பார்க்காதீர்கள் என்று சொன்னேன் அல்லவா, விஸ்கான்சின் மாநிலம் அதற்கு ஒரு முரண். 2011இல் ரிபப்ளிகன் கட்சி அங்கே மாநிலத் தொகுதிகளை வரைந்தது. மறு ஆண்டே கீழவையில் 48.6 சதவீத வாக்குக்கு 99இல் 60 இடங்கள் கிடைத்தன. வழக்குகள் வந்தன, வீண் வாக்குக் கணக்கும் நீதிமன்றம் ஏறியது, ஒன்றாலும் வரைபடம் விழவில்லை. கடைசியில் 2023 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அப்போதிருந்த வரைபடத்தை 4–3 எனத் தள்ளியதற்குக் காரணம் வடிவம்தான்: தொகுதி தொடர்ச்சியான நிலமாக இருக்க வேண்டும் என்கிறது மாநில அரசியலமைப்பு, 33 செனட் தொகுதிகளில் குறைந்தது 20இல் துண்டுகள் தீவுகள்போலத் தனியே கிடந்தன. வரைபடத்தைத் தள்ளுவதற்கு, யாருக்கு ஆதாயம் என்ற கணக்கை நீதிபதிகள் கையிலெடுக்கவே இல்லை.

புதிய வரைபடத்துடன் 2024 நவம்பரில் தேர்தல் நடந்தது. செனட்டில் 22–11 என்றிருந்த ரிபப்ளிகன் பலம் 18–15 ஆகக் குறைந்தது. அன்று தேர்தல் நடந்தது 16 இடங்களுக்குத்தான். மற்ற 17 இடங்களின் முறை 2026.