காட்டுக்கு ஆரஞ்சுச் சாயம் பூசாதீர்கள்

மற்றவர்கள் எடுத்த படங்களைப் பார்த்து நிறை குறை சொல்வதும் என் தொழிலில் ஒரு பகுதி. இலையுதிர்காலம் வந்துவிட்டால் காட்டுப் படங்களாகக் குவியும். கடைசியாக வந்த ஒன்றில் இலை ஆரஞ்சு, மரப்பட்டை ஆரஞ்சு, மூடுபனிகூட ஆரஞ்சு. பாறையில் இருந்த பாசி மட்டும் கண்ணைக் குத்தும் பச்சை. இதற்கு மேல் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்: எடிட் செய்யும்போது நிறத்தின் அடர்த்தியைக் கூட்டும் அந்த சாச்சுரேஷன் ஸ்லைடரைக் கொஞ்சம் சும்மா விடுங்கள்.

கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். “நேரில் பார்த்த நிறம் படத்தில் வரவில்லை, அதனால் கூட்டினேன்.” வரவில்லை என்பது உண்மைதான். ஏன் வரவில்லை என்று கேட்பவர்தான் இல்லை.

ஈரமான மேப்பிள் இலை ஒன்றைக் கையில் எடுத்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் இலை முழுக்க வெள்ளையாகப் பளபளக்கும். இன்னும் கொஞ்சம் சாய்த்தால் வெள்ளை விலகி, சிவப்பும் நரம்புகளும் தெரியும். அந்த வெள்ளை வேறொன்றுமில்லை, இலையின் வழவழப்பான மேல்தோலில் பட்டுத் திரும்பும் வானத்து வெளிச்சம்தான். காட்டில் உள்ள அத்தனை இலைகளிலும் இதே பூச்சு இருக்கும்போது படம் வெளிறாமல் என்ன செய்யும்? ஸ்லைடரால் அந்தப் பூச்சை எடுக்க முடியாது, அதன் மேல் நிறத்தை ஏற்றத்தான் முடியும். எடுப்பது, லென்ஸுக்கு முன்னால் மாட்டித் திருப்பும் கண்ணாடியான போலரைசர் ஃபில்டரின் வேலை. அது நீல வானத்துக்கு மட்டும்தான் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. மழை விட்ட மேகமூட்டமான நாளில், வானமே இல்லாத காட்டுப் படத்தில்தான் அது முழுச் சம்பளத்துக்கும் உழைக்கும். மாட்டினால் போதாது, திரையைப் பார்த்துக்கொண்டே திருப்ப வேண்டும். ஓடை இருந்தால் கடைசிவரை திருப்பாதீர்கள், பளபளப்பு மொத்தமும் போய்விட்டால் தண்ணீரும் ஈரப்பாறையும் செத்துப்போகும்.

இன்னொரு குற்றவாளி, வெளிச்சத்தின் நிறச்சாயலைக் கேமராவே சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ். சட்டகம் முழுக்க மஞ்சளும் ஆரஞ்சுமாக இருந்தால், விளக்கொளியின் சாயல் என்று நினைத்துக்கொண்டு கேமரா அதைக் குறைத்துவிடும். ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்துக்கான டேலைட்டில், அதாவது சுமார் 5200 கெல்வினில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். கேமரா பதப்படுத்தாத ரா கோப்பாக எடுத்தால் பிறகும் மாற்றலாம்.

சரி, ஸ்லைடரைக் கூட்டினால் அப்படி என்ன கெட்டுவிடும்? படத்தில் எந்த நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களின் கலவைதான், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை அளவு. மஞ்சள் இலையில் சிவப்பு, பச்சை சேனல்கள் ஏற்கெனவே உயரத்தில் இருக்கும், நீலம் அடிமட்டத்தில் கிடக்கும். மேலும் கூட்டினால் சிவப்பு 255-இல் போய் முட்டும், நீலம் 0-வில் உட்காரும். அதற்கு மேல் ஏறவோ இறங்கவோ இடமில்லாததால் நரம்பு, புள்ளி, காய்ந்த ஓரம் எல்லாம் ஒரே திட்டாகிவிடும். நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள், இலை இருந்த இடத்தில் பெயின்ட் இருக்கும். வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று வரைந்துகாட்டும் கேமராவின் சாதாரண ஹிஸ்டோகிராம் இதைக் காட்டிக்கொடுக்காது. அதில் பச்சைக்குத்தான் அதிக மதிப்பு. மூன்று சேனல்களும் தனித்தனியாகத் தெரியும் ஹிஸ்டோகிராமைப் போட்டுக்கொண்டு, சிவப்பு வலது ஓரத்தில் முட்டினால் எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் வரும் வெளிச்சத்தை, மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒரு முழு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்), தேவைப்பட்டால் மூன்றில் இரண்டு ஸ்டாப் குறையுங்கள்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. ஆரஞ்சு ஆரஞ்சாகத் தெரிவதே பக்கத்தில் ஆரஞ்சு அல்லாத ஒன்று இருப்பதால்தான். பீச் (beech) மரத்தின் சாம்பல் பட்டை, பிர்ச்சின் வெள்ளைத் தண்டு, நிழலில் உள்ள நீலச்சாயல் இவையெல்லாம் அதற்காகவே இருக்கின்றன. ஸ்லைடருக்கு இது தெரியாது, எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிவிடும். கை அரித்தால் மஞ்சளையும் ஆரஞ்சையும் மட்டும் தனியே எடுத்து லேசாகத் தொடுங்கள். பாசியைத் தொடவே வேண்டாம்.

“வெயில் வரட்டும்” என்று காத்திருப்பவர்களுக்கு: உச்சி வெயில் காட்டுக்குள் வெள்ளையும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக விழும். மேகமும் மூடுபனியும்தான் நல்ல நாள். சூரியன் தாழ்ந்திருந்து, இலைக்குப் பின்னாலிருந்து ஒளி ஊடுருவி வந்தால் மட்டும் விதிவிலக்கு.

அகலக் கோண லென்ஸைப் பையிலேயே வைத்துவிடுங்கள். காட்டுக்கு, தொலைவை நெருக்கிக் காட்டும் 70–200 மி.மீ. லென்ஸ் போதும். போனில் எடுப்பவர்கள் இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ நெருக்கிப் பாருங்கள். ஒரு தண்டு இன்னொன்றை மறைத்தால் அரை அடி தள்ளி நின்றாலே விலகிவிடும். கிளைகளுக்கு நடுவே தெரியும் வெள்ளை வானப் பொத்தல்களை விலக்குங்கள், பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் ஓடும். லென்ஸ் துளையின் அளவை எஃப் 8 முதல் 11 வரை வைத்தால் போதும். துளையைச் சுருக்கி எஃப் 22-க்குப் போனால் கூர்மைதான் குறையும். போலரைசர் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும் என்பதால் ட்ரைபாட் அவசியம். ஆனால் காற்றில் ஆடும் இலையை ட்ரைபாட் பிடித்து நிறுத்தாது. காற்று அடங்கும்வரை நில்லுங்கள், இல்லையென்றால் ஷட்டர் வேகத்தைக் கூட்டும்படி, கேமராவின் வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓவை 800-க்கோ 1600-க்கோ கூசாமல் ஏற்றுங்கள்.

அப்புறம், “சிவப்பு போய்விட்டது, சீசன் முடிந்தது” என்று கேமராவை மூட்டைகட்ட வேண்டாம். மஞ்சள் நிறமி இலையில் முன்பே இருப்பது, பச்சை வடிந்ததும் தெரியவரும். சிவப்பு அந்தப் பருவத்தில் புதிதாக உண்டாவது. பகலில் வெயிலும் இரவில் உறையாத குளிரும் வாய்த்தால்தான் நன்றாக வரும், அதனால் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆனால் சிவப்பு உதிர்ந்த பிறகும் லார்ச் என்ற ஊசியிலை மரங்கள் பொன்னாக நிற்கும். இளம் பீச் மரங்கள் காய்ந்த செம்பு நிற இலைகளைக் குளிர்காலம் முழுக்க உதிர்க்காமலே வைத்திருக்கும். கூட்டமும் அப்போது இருக்காது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இடையில் நீட்டும் கிளையை ஒடிக்காதீர்கள், காளானைப் பிடுங்கி வசதியான இடத்தில் நட்டுவைத்துப் படமெடுக்காதீர்கள், ட்ரைபாட் காலைப் பாசிமெத்தையில் ஊன்றாதீர்கள். பாதையிலிருந்தே நல்ல கோணம் கிடைக்காவிட்டால் அந்த மரத்தை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.