ஓதம், விரிசல், கசிவு: 5 ஆண்டு வரை பில்டர்தான் சரிசெய்து தர வேண்டும்

குடிவந்து இரண்டு மழைக்காலம்கூட ஆகியிருக்காது. குளியலறைச் சுவரில் உப்பு பூக்கும், கீழ்வீட்டுக் கூரையில் ஈரத்திட்டு தெரியும். "ஒரு வருஷ வாரன்டி முடிஞ்சுபோச்சு சார்" என்று பில்டர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் அப்படியே அச்சிட்டிருந்தாலும் செல்லாது.

2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் (ரெரா) பிரிவு 14(3) இதைத் தெளிவாகச் சொல்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறையையோ வேலைத் தரக் குறையையோ நீங்கள் தெரிவித்தால், பில்டர் 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். கணக்கு பத்திரப் பதிவு நாளிலிருந்து அல்ல, ஒப்படைப்பு நாளிலிருந்து. பில்டர் தந்த ஒப்படைப்புக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

பலர் கோட்டைவிடுவது ஆதாரத்தில்தான். சைட் இன்ஜினீயரிடம் வாய்மொழியாகச் சொல்வார்கள். பில்டரின் ஆட்கள் வந்து பட்டி பார்த்து பெயின்ட் அடித்துவிட்டுப் போவார்கள். அடுத்த மழையில் அதே இடம் நனையும். கசிவு எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். குளியலறைத் தரையின் வடிகால் துளையைத் துணியால் இறுக அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். அப்போதே கீழே ஈரம் பரவினால் டைல்ஸுக்கு அடியிலுள்ள வாட்டர்புரூஃபிங் சரியில்லை. அடைப்பை எடுத்துத் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் சொட்டுகிறதென்றால் பைப் இணைப்பைச் சந்தேகப்படலாம். முதல் வகைக்கு டைல்ஸைப் பெயர்த்துத்தான் வேலை செய்ய வேண்டும். இடுக்கில் ஒயிட் சிமென்ட் பூசுவது தீர்வே அல்ல.

பூச்சில் வலைபோல் தெரியும் மயிரிழை விரிசலுக்குப் பயப்பட வேண்டாம். தூணிலோ பீமிலோ நீளவாக்கில் பிளந்து துருக்கறை தெரிந்தால் உள்ளே கம்பி அரிக்கிறது. தாமதிக்காமல் கட்டமைப்புப் பொறியாளரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள்.

மேல்மாடி வெக்கை மட்டும் தனியாகக் குறையாகாது. ஒப்பந்தத்தோடு ஒப்பிட வேண்டும். வெதரிங் கோர்ஸ் (மொட்டைமாடியில் வெயிலையும் மழைநீரையும் தடுக்கும் அடுக்கு) போட்டு கூலிங் டைல்ஸ் பதிப்பதாக எழுதிவிட்டு வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தால் அது குறை. 2018-இல் வந்த மத்திய அரசின் 'ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற, வீடுகளுக்கான எரிசக்திச் சிக்கன விதிப்படி கட்டியதாகச் சொல்லியிருந்தால் கூரையின் யு-மதிப்புக் (கூரை வழியே வெப்பம் கடத்தப்படும் அளவு) கணக்கைக் கேளுங்கள். அதில் உச்ச வரம்பு 1.2.

குறை, இடம், முதலில் பார்த்த தேதி, படம், ஒப்படைப்பு நாள் எல்லாம் எழுதி, பெற்றுக்கொண்ட அத்தாட்சி கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். மின்னஞ்சலிலும் ஒரு நகல் போகட்டும். 30 நாள் கடந்தால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார். சரிசெய்யச் சொல்லும் உத்தரவு ஆணையத்திடம். இழப்பீடு கேட்பது, அதை முடிவுசெய்ய ரெரா சட்டப்படி நியமிக்கப்படும் தீர்ப்பு அலுவலரிடம். இரண்டுக்கும் தனித்தனி மனு. மொட்டைமாடி, சம்ப் போன்ற பொது இடங்களுக்குக் குடியிருப்போர் சங்கமே மனு போடலாம்.

சொந்த மனையில் ஒப்பந்ததாரரை வைத்துக் கட்டிய வீட்டுக்கு ரெரா பொருந்தாது. அதற்கு நுகர்வோர் ஆணையம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.