யூத மெய்யியல்: 'யூத' என்பது எதைக் குறிக்கிறது?

'யூதர்கள் எழுதிய தத்துவம், அவ்வளவுதானே' என்று தோன்றும். அப்படியானால் யூதக் குடும்பத்தில் பிறந்த கார்ல் மார்க்ஸையும் இதில் சேர்க்க வேண்டிவரும். பொதுவாக யாரும் சேர்ப்பதில்லை.

பைபிளில் யாக்கோபின் மகன் யூதா, அவன் பெயரில் ஒரு குலம், அந்தக் குலத்தின் பெயரில் எருசலேமைத் தலைநகராகக் கொண்ட ஒரு நாடு, அந்த நாட்டுக்காரர் யூதர்களின் பழைய மொழியான எபிரேயத்தில் 'யெஹூதி'. அந்தச் சொல் பிறகு மதத்துக்கும் பெயராகிவிட்டது. இனமா மதமா என்ற குழப்பம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஃபிலோசோஃபியா கிரேக்கச் சொல், அறிவின்மேல் கொண்ட காதல் என்று பொருள். எபிரேயம் அதை அப்படியே கடன் வாங்கிக்கொண்டது. இஸ்ரேல் பல்கலைக்கழகங்களில் 'மக்ஷேவெத் இஸ்ரயேல்' (இஸ்ரயேலின் சிந்தனை) என்று இன்னும் அகலமான பெயரும் உண்டு, கபாலா எனும் யூத மறைஞான மரபும் அதில் அடக்கம்.

சரி, மொழியை வைத்து முடிவு செய்யலாமா? முடியாது. பண்டைய அலெக்சாந்திரியாவின் யூத அறிஞர் ஃபைலோ எழுதியது கிரேக்கத்தில், இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸின் முக்கிய நூல் எபிரேய எழுத்தில் எழுதிய அரபு, இருபதாம் நூற்றாண்டின் ரோசன்ஸ்வைக் எழுதியது ஜெர்மனில்.

இதில் சுவையான வழக்கு யூதக் கவிஞர் இபின் கபிரோலுடையது. 11ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் 'வாழ்வின் ஊற்று' என்ற நூலை அரபியில் எழுதினார். லத்தீன் மொழிபெயர்ப்பில் அவர் பெயர் அவிசெப்ரோன் என்று திரிந்துபோக, கிறித்தவ அறிஞர்கள் அவரை முஸ்லிம் என்றோ கிறித்தவர் என்றோ எண்ணியே நூற்றாண்டுக் கணக்கில் படித்தார்கள். நூலில் ஒரு பைபிள் வசனம்கூட இல்லையே, எப்படித் தெரியும்! 1846இல்தான் சாலமன் முங்க் என்ற அறிஞர், அந்நூலின் பழைய எபிரேயச் சுருக்கம் ஒன்றோடு ஒப்பிட்டு, அவிசெப்ரோன் என்பவர் எபிரேயக் கவிஞர் இபின் கபிரோல்தான் என்று காட்டினார். அதனால் அந்த நூல் ஒரே நாளில் யூத மெய்யியல் ஆகிவிட்டதா? என் கணக்கில் இல்லை, அது யூதர் ஒருவரின் மெய்யியல், அவ்வளவே.

மைமோனிடிஸ் வேறு. யூத வேதமான தோராவில் கடவுளுக்குக் கை உண்டு, கோபம் உண்டு. அரிஸ்டாட்டிலைப் படித்தவன் அதை எப்படி ஏற்பது என்று திகைத்து நிற்பவனுக்காகவே எழுதினார். தோரா, அதன் கட்டளைகள், கடவுளோடு செய்த உடன்படிக்கை இவற்றோடு பகுத்தறிவை மோதவிட்டுப் பார்ப்பதுதான் இங்கே 'யூத' என்ற அடைமொழியின் பொருள். 1656இல் ஆம்ஸ்டர்டாம் யூதச் சமூகம் விலக்கிவைத்த மெய்யியலாளர் ஸ்பினோசாவும் பின்னாளில் மைமோனிடிஸை மறுத்து எழுதியதால், வாசற்படியிலாவது நிற்கிறார்.

தமிழில் 'யூதத் தத்துவம்' தவறில்லை. ஆனால் தத்துவம் என்பதை அறிவுரைக்கும் சொல்கிறோம். துறைப்பெயராக, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் வழங்குவதுபோல 'மெய்யியல்' பொருத்தம். பிறப்பை மட்டும் குறிப்பதென்றால் 'யூதர்களின் மெய்யியல்' என்று பிரித்து எழுதுங்கள்.