‘பிரசிடெண்ட்’ என்றால் யார்?

குடியாத்தம், அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கத்துக் கிராமங்களில் ‘ஊராட்சி மன்றத் தலைவர்’ என்ற சொல் பெயர்ப் பலகையிலும் அரசு ஆணையிலும்தான் இருக்கிறது. வாயில் வருவது ‘பிரசிடெண்ட்’. ஊராட்சி ஒன்றியத்துக்கும் நகராட்சிக்கும் ‘சேர்மன்’, வேலூர் மாநகராட்சிக்கு ‘மேயர்’. மூன்றும் ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தவை. அவற்றில் பிரசிடெண்டை மட்டும் இங்கே விரித்துப் பார்க்கலாம். ஒரு சிற்றூரின் தெருக்குழாயில் தண்ணீர் வருவதும் வராததும் பெரும்பாலும் அந்தப் பதவியில் இருப்பவரின் கையில்தான் இருக்கிறது.

லத்தீனில் ‘ப்ரே’ என்றால் முன், ‘செதேரே’ என்றால் உட்காருதல். இரண்டும் சேர்ந்து பிறந்த சொல் பிரசிடெண்ட். அவையின் முன்னே அமர்பவர் என்பது பொருள். சேர்மன் நாற்காலிக்கு உரியவர். மேயருக்கு மூலமும் லத்தீன்தான். ‘பெரியவர்’ என்று பொருள்படும். சுதந்திரத்துக்கு முந்தைய தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டினால், கூட்டத்துக்குத் தலைமை வகித்தவரை ‘அக்கிராசனர்’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அக்கிரம் என்றால் முன், ஆசனம் என்றால் இருக்கை. லத்தீனும் வடமொழியும் ஒரே காட்சியையே பிடித்திருக்கின்றன: ஒருவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், மற்றவர்கள் எதிரே இருக்கிறார்கள்.

நிர்வாகத்தில் இந்தச் சொல் இங்கே வேரூன்றியது ஆங்கிலேயர் காலத்தில். அன்றைய வைஸ்ராய் ரிப்பன் பிரபு 1882இல் கொண்டுவந்த தீர்மானம், உள்ளூர் அமைப்புகளுக்கு அதிகாரிகள் அல்லாதவர்களே தலைமை தாங்க வேண்டும் என்று விரும்பியது. ஆனால் 1884ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் அமைந்த ஜில்லா போர்டுகளில் முதலில் பிரசிடெண்ட் நாற்காலியில் உட்கார்ந்தவர் கலெக்டர். மக்கள் பிரதிநிதிகள் அந்த இடத்துக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. அந்த அமைப்புகளை அப்போது ‘ஸ்தல ஸ்தாபனம்’ என்றார்கள். பிற்பாடு வந்த ‘உள்ளாட்சி’ அதைவிட எவ்வளவோ மேலான சொல். யாருடைய ஆட்சி, எங்கே நடக்கும் ஆட்சி என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது.

‘தலைவர்’ தலையிலிருந்து வந்தது. இருக்கை அதில் இல்லை. ‘மன்றம்’ சங்க இலக்கியத்தில் ஊர் நடுவே மரத்தடியில் எல்லாரும் கூடும் பொதுவிடம். வடமொழியில் ஐந்தைக் குறிக்கும் ‘பஞ்ச’ என்பதிலிருந்து பஞ்சாயத்து வந்தது. ஆனால் பேச்சு வழக்கில் அது தகராறு என்றும் பொருள்பட்டுவிட்டது. ‘பெரிய பஞ்சாயத்தாகிவிட்டது’ என்றால் யாருக்கும் ஐந்து பேர் நினைவுக்கு வருவதில்லை. அதனால்தானோ என்னவோ, பஞ்சாயத்து பிரசிடெண்ட் என்றதும் வழக்குத் தீர்க்கும் பெரிய மனிதர் ஒருவரையே பலர் மனத்தில் வரைந்துகொள்கிறார்கள். சட்டம் காட்டும் ஆள் வேறு.

1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, கிராம ஊராட்சியின் தலைவரே அதன் செயல் அதிகாரி. நகராட்சியிலும் மாநகராட்சியிலும் அந்தப் பொறுப்பு ஆணையரிடம் இருக்கிறது. பேரூராட்சியில் செயல் அலுவலரிடம். அங்கெல்லாம் தலைவரோ மேயரோ மன்றத்தை நடத்துகிறார், கேள்வி கேட்கிறார், தீர்மானம் போடவைக்கிறார். கோப்பில் உத்தரவிடுபவர் அதிகாரி. எனவே வேலூர் மாநகராட்சி நன்றாக நடக்க மேயர், மாமன்ற உறுப்பினர்கள், ஆணையர் ஆகியோருக்குள் ஒத்துப்போக வேண்டும். கிராமத்தில் எல்லாம் ஒருவர் தோளில் விழுகிறது. அங்கே பிரசிடெண்ட் வெறுமனே முன்னால் உட்கார்பவர் என்றால் ஊர் ஓடாது.

ஏப்ரல் மாதத்தில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். மேல்நிலைத் தொட்டி காலி. டேங்க் ஆபரேட்டர் வந்து சொல்கிறார். அக்கறையுள்ள தலைவர் அன்று மாலையே மோட்டாரை மேலே தூக்கவைத்து, காயில் கட்டக் கொடுத்து, அது வரும்வரை பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் பேசிக் குழாய் இழுத்துத் தண்ணீர் விடுவார். மெக்கானிக் அவரை நம்பிக் கடனுக்கு வேலை செய்வார். அக்கறையில்லாதவர் ஊராட்சியிலும் இதே சட்டம், இதே நிதி, இதே ஊராட்சிச் செயலர்தான். ஆனால் குடங்கள் வரிசையில் கிடக்கும். துணைத் தலைவர் எதிர்க்கோஷ்டி என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. பணம் எடுக்க இருவரின் ஒப்புதலும் வேண்டும். அவர் மறுத்தால் தூய்மைக் காவலரின் சம்பளம்கூட நின்றுவிடும். ஊரைக் கூட்டிப் பேசித் தீர்க்கத் தெரிந்த தலைவருக்கும், முறைத்துக்கொண்டு திரியும் தலைவருக்கும் உள்ள வேறுபாடு அப்போது தெருவிலேயே தெரியும்.

தலைவரே இல்லாமல் ஓட்டிப் பார்த்த காலமும் நமக்கு உண்டு. 2016 அக்டோபரில் தமிழகம் முழுவதும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் வந்தது. வேலூர் அதற்குள் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்திருந்ததால் நமக்கு 2021 அக்டோபர்வரை வரவில்லை. வேலூர் மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரி ஆனது. அத்தனை ஆண்டுகளும் ‘தனி அலுவலர்’ ஆட்சி. ஒன்றியத்தில் உள்ள ஊராட்சிகள் அத்தனைக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவரே பொறுப்பு. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மலையடிவாரக் குக்கிராமத்தில் எரிந்த மோட்டார் அவர் மேசைக்கு மனுவாகத்தான் வந்துசேரும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லை என்பதைக் காட்டி மத்திய அரசு உள்ளாட்சி மானியத்தையும் நிறுத்திவைத்தது. இந்த ஐந்தாண்டு இழப்பை நாம் மிகச் சாதாரணமாக விட்டுவிட்டோம் என்பது என் வருத்தம்.

‘முன்னே அமர்பவர்’ என்ற பொருளுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், தலித் பெண் தலைவர் மன்றக் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் வெளிவந்தது. உறுப்பினர்கள் நாற்காலியில் இருந்தார்கள். வடஆர்க்காட்டுக்குள்ளேயே, ஆம்பூரை அடுத்த நாயக்கனேரி மலை ஊராட்சியில், 2021இல் போட்டியின்றித் தேர்வான தலித் பெண் ஒருவர், எதிர்ப்பாலும் வழக்காலும் பதவியேற்க முடியாமல் நின்றார். இருக்கை என்பது சொற்பிறப்பியல் செய்தி மட்டும் என்று அவர்களிடம் போய்ச் சொல்ல முடியாது.

பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டம் ஆனது. ஆனால் பல ஊர்களில் தலைவரின் கணவரைத்தான் ‘பிரசிடெண்ட்’ என்று கூப்பிடுகிறார்கள். கிராமசபையில் மைக் அவர் கையில், தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து மட்டும் மனைவியுடையது. இது வழக்கம்தானே என்று கடந்துபோக என்னால் முடியவில்லை. பெண் தலைவர் உண்மையாகவே தலைவராக இருந்தால் என்ன மாறும் என்பதற்குச் சான்று இருக்கிறது. மேற்கு வங்கத்தின் பீர்பூமிலும் ராஜஸ்தானின் உதய்பூரிலும் பொருளாதார ஆய்வாளர்கள் எஸ்தர் டூஃப்லோ, ராகபேந்திர சட்டோபாத்யாய் இருவரும் செய்த ஆய்வு 2004இல் வெளியானது. தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் குடிநீர்ப் பணிகள் கூடியிருந்ததை அது காட்டியது. தண்ணீர் சுமப்பவர் முடிவெடுக்கும் இடத்துக்கு வந்தால் தண்ணீருக்கு முதலிடம் கிடைக்கிறது.

இனி, எழுதும்போது எந்தச் சொல்லைப் போடுவது என்பதற்கு வருவோம். கிராமத்துக்கு ‘ஊராட்சித் தலைவர்’ என்ற சுருக்கமே போதும். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும். ஒன்றியத்துக்கு ‘ஒன்றியக் குழுத் தலைவர்’, நகராட்சிக்கு ‘நகர்மன்றத் தலைவர்’. மேயருக்குச் சிலர் எழுதும் ‘மாநகரத் தந்தை’ வேலூருக்கு ஒட்டாது. 2011இலும் 2022இலும் இங்கே மேயரானவர்கள் பெண்கள். யாழ்ப்பாணத்தில் வழங்கும் ‘மாநகர முதல்வர்’ நல்ல சொல், எடுத்துக்கொள்ளலாம். கணவரின் பெயருக்குப் பின்னால் மட்டும் ‘தலைவர்’ என்று எதிலும் போட வேண்டாம்: காதுகுத்து அழைப்பிதழிலும் வேண்டாம், திருவிழாப் பேனரிலும் வேண்டாம்.