கேசிஎல் ஆம்பியூல் வார்டு அலமாரியில் ஏன் இருக்கக் கூடாது?

பொட்டாசியம் குளோரைடு ஊசி மருந்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் பயப்பட ஒன்றுமே இருக்காது. 10 மில்லி ஆம்பியூல், உள்ளே தெளிந்த நீர். நிறம் இல்லை, வாடை இல்லை. பக்கத்தில் டிஸ்டில்டு வாட்டர் ஆம்பியூலை வைத்தால், மேலே அச்சிட்ட பொடி எழுத்தைப் படித்துத்தான் எது எது என்று சொல்ல முடியும். வார்டில் இதைக் கேசிஎல் என்பார்கள். வயிற்றுப்போக்கில் துவண்டு வந்தவர், நீர் பிரியும் மாத்திரையால் பொட்டாசியம் இறங்கிப்போனவர், இன்சுலின் டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருப்பவர் என்று யாராவது ஒருவருக்கு அநேகமாகத் தினமும் தேவைப்படும் மருந்து. பாட்டிலில் கலந்து மெல்ல ஏற்றினால் உயிரைக் காக்கும். ஆம்பியூலை உடைத்துச் சிரிஞ்சில் எடுத்து அப்படியே ரத்தக்குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும்.

ஏன் என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும். இங்கே கிடைக்கும் ஆம்பியூல் பெரும்பாலும் 15 சதவீதக் கரைசல். 10 மில்லியில் ஒன்றரை கிராம் உப்பு, அதாவது 20 மில்லி ஈக்விவலன்ட் (ரத்தத்தில் கரைந்த உப்புகளை அளக்கும் அலகு) பொட்டாசியம். நம் உடம்பில் இருக்கும் பொட்டாசியத்தில் ஏறக்குறைய எல்லாமே செல்களுக்குள்தான் இருக்கிறது. செல்லுக்குள் லிட்டருக்குச் சுமார் 140. வெளியே ரத்தத்தில் 3.5 முதல் 5 வரைதான். வளர்ந்த ஒருவரின் ரத்தத்தில் பிளாஸ்மா என்கிற நீர்ப்பகுதி சுமார் 3 லிட்டர் என்று வைத்தால், அதில் உள்ள மொத்தப் பொட்டாசியமே 12 மில்லி ஈக்விவலன்ட் அளவுதான் வரும். அந்தச் சின்ன ஆம்பியூலுக்குள் இருப்பது அதைவிட அதிகம்.

உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள இந்த ஏற்றத்தாழ்வில்தான் இதயம் ஓடுகிறது. ஓய்வில் இருக்கும் இதயத் தசைச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட சுமார் 90 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் சோடியம் வாயில்கள் திறந்து, உடனே அடைத்துக்கொள்கின்றன. அவை அடுத்த துடிப்புக்குத் தயாராக வேண்டுமானால் செல் பழைய எதிர்மின்னழுத்தத்துக்கு இறங்கியாக வேண்டும். வெளியே பொட்டாசியம் ஏறிவிட்டால் செல்லால் அவ்வளவு கீழே இறங்க முடியாது. வாயில்கள் அடைத்தது அடைத்தபடியே நின்றுவிடும். ஈசிஜியில் அலைகள் கூர்மையாகி, அகன்று, கடைசியில் துடிப்பே இல்லாமல் போகும். திறந்த இதய அறுவை சிகிச்சையில் இதயத்தை அசையாமல் நிறுத்தி வைக்க மருத்துவர்கள் வேண்டுமென்றே பயன்படுத்துவதும் பொட்டாசியத்தின் இதே குணத்தைத்தான்.

இதில் வேகம்தான் விஷமாகிறது. இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது. ஓர் ஆம்பியூலைப் 10 நொடியில் செலுத்தினால், அதை வாங்கிக்கொள்ள அந்த நேரத்தில் கடந்துபோகும் ரத்தம் ஒரு லிட்டர்கூட இல்லை. இதயத்தைத் தொடும் ரத்தத்தில் பொட்டாசியம் இயல்பைப்போல் பல மடங்காகிவிடும். அதே 20 மில்லி ஈக்விவலன்டை 500 மில்லி சலைனில் கலந்து, மணிக்கு 10-க்கு மேல் போகாமல் இரண்டு மணி நேரத்துக்கு ஏற்றினால், செல்கள் வர வர உள்ளே இழுத்துக்கொள்ளும், மிச்சத்தைச் சிறுநீரகம் பார்த்துக்கொள்ளும்.

கலப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஸ்டாண்டில் தொங்கும் பையிலேயே ஊசியைக் குத்திக் கேசிஎல்லைச் சேர்த்தால், அடர்த்தி கூடிய கரைசல் சர்பத்தில் பாகு தங்குவதுபோல் அடியில் தங்கும். டிரிப்ஸ் குழாய் புறப்படுவதும் அடியிலிருந்துதான். அப்போது நோயாளிக்கு முதலில் போவது கிட்டத்தட்ட கலக்காத பொட்டாசியம். பையைக் கீழே இறக்கி, மருந்தைச் சேர்த்து, பலமுறை தலைகீழாகப் புரட்டிய பிறகுதான் மாட்ட வேண்டும் என்று மூத்த சிஸ்டர்கள் விடாப்பிடியாகச் சொல்வது இதனால்தான்.

அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் என்ற அமைப்பு, 1998-இல் வெளியிட்ட தன் முதல் எச்சரிக்கை மடலையே இந்த மருந்துக்குத்தான் ஒதுக்கியது. அவர்கள் ஆராய்ந்த 10 மரணங்களில் 8 பேருக்கு அடர் கரைசல் நேரடியாக ஏற்றப்பட்டிருந்தது. அந்த எட்டில் ஆறு, வேறு மருந்து என்று நினைத்து எடுத்தவை. அதில் சொன்ன தீர்வு நர்ஸ்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துங்கள் என்பதல்ல. ஆம்பியூலை வார்டிலிருந்தே எடுத்துவிடுங்கள், கலந்து தயாரான பையை மருந்தகத்திலிருந்து அனுப்புங்கள் என்பதுதான். பிரிட்டனின் தேசிய நோயாளிப் பாதுகாப்பு முகமை 2002-இல் விடுத்த முதல் எச்சரிக்கையும் இதே மருந்தைப் பற்றியது. 2007-இல் உலக சுகாதார நிறுவனமும் இதையே சொன்னது. தீவிர சிகிச்சைப் பிரிவு போல் இல்லாமல் முடியாது என்கிற இடத்தில் மட்டும், தனியாக, பூட்டி, லேபிள் ஒட்டி வைக்கலாம்.

நர்சிங் படிக்கும் பிள்ளைகளுக்கு முதலாண்டிலேயே ஐந்து ‘சரி’களை மனப்பாடம் செய்ய வைப்பார்கள்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இப்போது அதை ஏழு, பத்து என்று நீட்டிக்கொண்டே போகிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது, எப்படிப் போவது என்று சொல்வதில்லை. தவறு நடந்தபின் “அந்தப் பொண்ணு லேபிளைப் படிக்கல” என்று முடித்துவிடுவது மேலதிகாரிகளுக்கு வசதி. படித்திருப்பாள் என்பதுதான் பெரும்பாலும் உண்மை.

2006 செப்டம்பரில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்ததைப் பாருங்கள். குறைமாதக் குழந்தைகளின் ரத்தக்குழாயில் செருகியிருக்கும் கேனுலா அடைத்துக்கொள்ளாமல் இருக்க, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினை மில்லிக்கு 10 யூனிட் அளவில் விட்டுக் கழுவுவார்கள். மருந்தக ஊழியர் அந்த இடத்தில் மில்லிக்கு 10,000 யூனிட் வயாலை (மருந்துக் குப்பியை) நிரப்பிவிட்டார். இரண்டுமே நீல நிற லேபிள். ஆறு குழந்தைகளுக்கு ஆயிரம் மடங்கு மருந்து போனது, மூன்று குழந்தைகள் இறந்தன. ஒரே ஒரு கவனக்குறைவான நர்ஸின் வேலை அல்ல இது. பல நர்ஸ்கள் அதே டிராயரிலிருந்து அதே வயாலை எடுத்திருக்கிறார்கள். அந்த டிராயரில் எப்போதும் 10 யூனிட் மருந்துதான் இருக்கும். கண் தெளிவாகப் பார்ப்பது நடுவில் ஒரு சிறு வட்டத்தை மட்டுமே. மிச்சத்தை மூளை பழக்கத்தைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறது. நூறு முறை சரியாக இருந்த இடத்தில் நூற்றோராவது முறையும் அது எதிர்பார்ப்பதையே படித்துவிடும். அனுபவம் கூடக் கூட இந்தப் பழக்கம் இறுகுமே தவிரக் குறையாது.

இதற்கு நடுவில்தான் இடையூறு. மதியம் இரண்டு மணி மருந்துக்கு டிராலியைத் தள்ளிக்கொண்டு வருகிற நர்ஸ் ஆம்பியூலை உடைத்திருப்பார். “சிஸ்டர், டிரிப்ஸ் முடிஞ்சிருச்சு” என்று ஓர் அட்டெண்டர் வருவார். டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். போன் அடிக்கும். சிட்னியில் ஜொஹானா வெஸ்ட்புரூக் என்ற ஆய்வாளரின் குழு 98 நர்ஸ்களைப் பின்தொடர்ந்து, மருந்து கொடுத்த 4,271 தருணங்களைப் பக்கத்தில் நின்று பதிவு செய்து 2010-இல் வெளியிட்டது. ஒவ்வோர் இடையூறுக்கும் மருந்து, அளவு சார்ந்த தவறுகள் 12.7 சதவீதம் கூடின. இடையூறே இல்லாதபோது 2.3 சதவீதமாக இருந்த கடுமையான தவறுக்கான வாய்ப்பு, நான்கு இடையூறுகளில் 4.7 ஆகிவிட்டது. விட்ட இடத்தைப் பிடிக்கும்போது மூளை ஒரு படியைத் தாண்டிவிடும், அல்லது செய்ததையே மறுபடி செய்யும்.

சரி, தொந்தரவு செய்யாதீர்கள் என்று எழுதிய மேலங்கியை மாட்டிக்கொண்டால்? அதையும் ஆஸ்திரேலியாவில் சோதித்தார்கள். இடையூறு குறையத்தான் செய்தது. ஆனால் மாட்டிக் கழற்ற நேரமாகிறது, புழுக்கமாக இருக்கிறது என்று நர்ஸ்கள் சொன்னார்கள்; இதை நிரந்தர விதியாக்க ஆதரவு தந்தவர்கள் பாதிப் பேருக்கும் குறைவு. ஆஸ்திரேலியாவிலேயே புழுக்கம் என்றால் மே மாதத்து மதுரை வார்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நோயாளியை அடையாளம் காண்பதில் நம் ஊருக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. இங்கே குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான். ஒரே வார்டில் இரண்டு எம். செல்வி படுத்திருப்பது அதிசயமே இல்லை. பெட் நம்பரை நம்பவும் முடியாது. மின்விசிறிக்குக் கீழே வேண்டும் என்று காலையில் இடம் மாறியிருப்பார்கள். ஆகவே பெயரோடு ஐபி நம்பரையும் (உள்நோயாளி எண்) பார்ப்பது நடைமுறை. கேட்கிற விதமும் முக்கியம். “நீங்கதானே செல்வி?” என்றால் காது சரியாகக் கேட்காதவரும் அரைத்தூக்கத்தில் இருப்பவரும் தலையாட்டிவிடுவார்கள். “உங்க பேரு என்னம்மா? வீட்டுக்காரர் பேரு?” என்று கேட்டால் பதிலை அவர்தான் சொல்லியாக வேண்டும்.

இருவர் சரிபார்ப்பதும் அப்படித்தான். “0.4 எம்.எல். தானே?” என்று கேட்டால் “ஆமா, சரி” என்றுதான் வரும். இரண்டாமவர் கேஸ் ஷீட்டை வாங்கித் தனியாகக் கணக்குப் போட்டு, தன் விடையை முதலில் சொன்னால்தான் அது சரிபார்ப்பு.

பார்கோடு இதையெல்லாம் ஓரளவு இயந்திரத்திடம் ஒப்படைக்கிறது. நோயாளியின் கைப்பட்டையையும் மருந்தையும் ஸ்கேன் செய்தால், பொருந்தாவிட்டால் திரை எச்சரிக்கும். பாஸ்டன் நகரின் பிரிகாம் மருத்துவமனையில் செய்த ஆய்வில், நேரம் தவறுவதை விட்டுவிட்டுப் பார்த்தால், தவறுகள் 11.5 சதவீதத்திலிருந்து 6.8-க்கு இறங்கின. பெரிய லாபம். ஆனால் 2008-இல் ராஸ் காப்பெல் என்ற ஆய்வாளரின் குழு அமெரிக்க மருத்துவமனைகளில் போய்ப் பார்த்தபோது, இந்த முறையைச் சுற்றிப் போக 15 வகைக் குறுக்குவழிகள் கிடைத்தன. நோயாளிகளின் பார்கோடுகளைக் கூடுதலாக அச்சடித்து வேறிடத்தில் ஒட்டிவைத்து அங்கேயே ஸ்கேன் செய்வது அதில் ஒன்று. காரணங்களைத் தேடினால் நனைந்து கிழிந்த கைப்பட்டை, சார்ஜ் போன ஸ்கேனர், சிக்னல் கிடைக்காத மூலை. வேலை ஓட வேண்டும் என்ற அவசரத்தில் பிறந்த வழிகள் இவை. கருவியை வாங்கிப்போட்ட நிர்வாகம் ஒரு இரவு டூட்டி முழுக்கக் கூடவே நின்று பார்த்திருந்தால் பாதி தெரிந்திருக்கும்.

பொட்டாசியத்துக்குக் கண்டுபிடித்த வழியை நம் நாட்டில் இன்னும் முழுதாகப் பொருத்திப் பார்க்காத மருந்து ஒன்று உண்டு: இன்சுலின். வயாலில் விற்பது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். இன்சுலின் பேனாவுக்குள் போடும் கார்ட்ரிட்ஜில் மில்லிக்கு 100. சிரிஞ்சும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. மங்கிய விளக்கில் சிவப்பும் ஆரஞ்சும் எவ்வளவு வித்தியாசப்படும் என்று சொல்ல வேண்டுமா? 40 வயாலிலிருந்து 100 சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் வருவது 0.2 மில்லி, உடம்புக்குப் போவது 8 யூனிட். சர்க்கரை இறங்கவில்லையே என்று டாக்டர் அளவைக் கூட்டுவார். பிறகு யாராவது சரியான சிரிஞ்சு வாங்கிவந்த அன்று நோயாளி வியர்த்து விழுவார். தலைகீழாக நடந்தால் இன்னும் மோசம். பேனா கெட்டுப்போய், கார்ட்ரிட்ஜிலிருந்து 40 சிரிஞ்சில் 20 கோடு எடுத்தால் அது 50 யூனிட். இரண்டரை மடங்கு. இரவில் போட்டால் தூக்கத்திலேயே சர்க்கரை அடிமட்டத்துக்குப் போய்விடும்.

எழுதுவதிலும் கண்ணி உண்டு. யூனிட் என்பதற்கு ‘யூ’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்தை எண்ணோடு ஒட்டி எழுதினால் அது பூஜ்யமாகத் தெரியும். 4 யூனிட் 40 ஆகிவிடும். முழுச் சொல்லாக எழுதச் சொல்வது இதற்காகத்தான். பிரிட்டன் 1983-இல் நாடு முழுக்க 100 யூனிட் இன்சுலினுக்கும் அதற்கான சிரிஞ்சுக்கும் மாறியது. எந்தச் சிரிஞ்சை எடுத்தாலும் சரியாக இருக்கும் என்றால், சரிபார்க்க மறந்தாலும் ஆபத்து குறைவு. இங்கே இரண்டும் ஒரே கடையின் ஒரே தட்டில் கிடக்கின்றன. விலை குறைந்த வயால்களை நம்பியிருப்பவர்கள் ஏராளம் என்பதால் மாறுவது எளிதல்ல என்பது புரிகிறது. ஆனாலும் ஒரே அளவுக்கு மாறத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

அதுவரை, வீட்டில் ஊசி போட்டுக்கொள்பவர்கள் டிஸ்சார்ஜ் அன்றே வயாலையும் சிரிஞ்சையும் ஒன்றாக நர்ஸிடம் காட்டி, வயாலில் போட்டிருக்கும் 40 அல்லது 100 என்ற எண்ணும் சிரிஞ்சின் மேல் அச்சிட்ட எண்ணும் ஒன்றுதானா என்று கேட்டுக்கொள்ளலாம். புது அட்டைப்பெட்டி வாங்கும் ஒவ்வொரு முறையும் மூடியின் நிறத்தை விட்டுவிட்டு அந்த எண்ணைப் பாருங்கள். கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சில் எடுக்க வேண்டிய நிலை வந்தால், எடுப்பதற்கு முன் மருத்துவமனைக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.